நம்ம பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்குமா? போட்டி மிகுந்த பல்கலைக்கழகங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பரில் பிரிலிம் எனும் பள்ளி மாதிரித் தேர்வு முடியும்போதும், பிப்ரவரி இறுதியில் ‘ஏ’ நிலைத் தேர்வு முடிவு வரும்போதும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் சொல்லிலேயே தொகுத்திருக்கிறோம். அடிப்படைக் கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

என் மகளுக்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு இருக்கு? ஒரே நம்பரா சொல்லுங்களேன்.

நேர்மையாகச் சொல்லக்கூடிய ஒற்றை எண் கிடையாது. இந்தக் கேள்வியை மூன்றாகப் பிரித்தால்தான் விடை கிடைக்கும். முதலாவது, அவருடைய மதிப்பெண் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டுகிறதா? இரண்டாவது, அவர் எந்த வரிசையில் நிற்கிறார்? எந்த நாட்டுக் குடியுரிமை, எந்தப் பாடம், நிதியுதவி கேட்கிறாரா இல்லையா என்பவைதான் வரிசையை முடிவு செய்கின்றன. மூன்றாவது, வாசலைத் தாண்டிய அத்தனை பேரிலும் இவரைத் தனித்துக் காட்டுவது என்ன?

முதல் இரண்டையும் ஒரு வார இறுதியில் வீட்டிலேயே உட்கார்ந்து ஓரளவு துல்லியமாகக் கண்டுபிடிக்கலாம். மூன்றாவதை யாராலும் எண்ணாக்க முடியாது. ஆகவே கடைசியில் கையில் கிடைப்பது ஒரு விழுக்காடு அல்ல, ஒரு பகுப்பு: கிட்டத்தட்டக் கிடைத்துவிடும், கிடைக்கலாம், கிடைப்பது அரிது. பட்டியல் போடுவதற்கு இந்தப் பகுப்பே போதும்.

இணையத்துல ஏற்பு விகிதம் 4 விழுக்காடுன்னு போட்டிருக்கே. நூறு பேர்ல நாலு பேருக்குக் கிடைக்கும், அவ்வளவுதானே?

அந்த நூறு பேரில் உங்கள் பிள்ளை இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. 2025இல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டில் 47,893 பேர் விண்ணப்பித்தார்கள், 2,003 பேருக்கு இடம் கிடைத்தது. 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆனால் அந்த 2,003இல் விளையாட்டுக்காக முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். சிங்கப்பூரிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு இந்தச் சராசரி பொருந்தாது.

எம்ஐடியைப் பாருங்கள். மொத்த ஏற்பு விகிதம் 4.5 விழுக்காட்டை ஒட்டியது. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 150க்கும் குறைவான இடங்களே என்பதால், அவர்களுக்கு மட்டும் அது 2 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கிவிடுகிறது. பாதிக்கும் கீழே. சராசரியை நம்பிக் கணக்குப் போடுபவர் தொடக்கத்திலேயே வாய்ப்பை இரண்டு மடங்காக்கிப் பார்க்கிறார்.

அந்தத் தனிக் கணக்கையெல்லாம் எங்கே போய்ப் பார்க்கிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு இந்தச் சொற்களைத் தேடினாலே கிடைக்கும். பல பக்கம் நீளும் அதில் நமக்கு வேண்டியது நான்கு இடங்கள்தான். சி1 பகுதியில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் என்பது இருக்கும். சி7இல் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், செயல்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று குறித்திருப்பார்கள். சி9இல் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி (அமெரிக்கச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண். எச்6இல் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு நிதியுதவி கொடுத்தார்கள் என்ற விவரம்.

எச்6தான் பலரும் பார்க்காமல் விடும் பகுதி. அங்கே நிதியுதவி பெற்ற வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால், உதவி தேவைப்படும் குடும்பம் அந்தப் பெயரைப் பட்டியலில் ‘அரிது’ பக்கம் நகர்த்திவிடலாம்.

என்யுஎஸ், என்டியுவுக்கு இவ்வளவு பார்க்கணுமா? ரேங்க் பாயிண்ட் போதாதா?

என்யுஎஸ், என்டியு போன்ற உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடங்களுக்கு, ‘ஏ’ நிலை கிரேடுகளைப் புள்ளியாக்கிக் கூட்டும் ரேங்க் பாயிண்டே பெரும்பங்கு வகிக்கிறது. ஆனால் கணக்கு மாறிவிட்டது. அண்ணனோ அக்காவோ 90க்கு எடுத்த புள்ளியோடு ஒப்பிடாதீர்கள். 2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 70. மூன்று எச்2 (முழு அளவுப்) பாடங்களுக்குத் தலா 20, ஜிபி எனப்படும் பொதுத்தாளுக்கு 10. எச்2இல் ஏ 20, பி 17.5, சி 15, டி 12.5, இ 10. அதில் பாதி அளவுப் பாடமான எச்1இல் இவற்றில் பாதி. பிடபிள்யூ எனப்படும் திட்டப்பணி இப்போது தேர்ச்சியா இல்லையா என்பதோடு சரி, புள்ளியில் சேராது.

நான்காவது பாடமும் தாய்மொழியும் மொத்தத்தை உயர்த்தினால் மட்டுமே சேர்க்கப்படும்.

தமிழ்ல ஏ எடுத்தா பாயிண்ட் கூடுமா, கூடாதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். எச்2இல் ஏ, ஏ, பி. அது 57.5. ஜிபியில் பி, 8.75. மொத்தம் 66.25. நான்காவது பாடமான எச்1இல் பி வாங்கியிருக்கிறார். அதைச் சேர்த்தால் 80க்கு 75, அதை 70க்கு மாற்றினால் 65.6. குறைகிறது, ஆகவே சேர்க்கமாட்டார்கள். எச்1 தமிழில் ஏ என்றால் 80க்கு 76.25, மாற்றினால் 66.7. கூடுகிறது, ஆகவே சேரும்.

அதாவது தமிழ் மதிப்பெண் மற்றவற்றின் சராசரியைவிட மேலே இருந்தால் உதவும். ஏற்கெனவே 70க்கு 70 எடுத்தவருக்கு ஒன்றும் கூடாது. அரைப் புள்ளி என்ன பெரிதா என்று நினைக்க வேண்டாம். இடம் குறைவான பாடங்களில் விண்ணப்பதாரர்கள் நெருக்கமாக நிற்பது இந்த அளவு இடைவெளியில்தான். எச்2 தமிழ் மொழியும் இலக்கியமும் எடுப்பவருக்கு அது மற்ற எச்2 பாடம் போலவே முழு 20 புள்ளிக்குரியது.

இன்னொன்று: உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்குத் தாய்மொழியில் ஒரு குறைந்தபட்சத் தகுதி உண்டு. எச்1இல் ‘எஸ்’ அல்லது ‘ஓ’ நிலை உயர்தமிழில் டி7. அதற்குக் கீழே போனால் தற்காலிகமாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

ஐஜிபி-ல போட்டிருக்கிற கிரேடு இருந்தா சீட் உறுதியா?

உறுதி இல்லை. ஐஜிபி என்பது முந்தைய ஆண்டில் இடம் கிடைத்தவர்களின் கிரேடுகளைப் பல்கலைக்கழகம் காட்டும் பட்டியல். அதில் இருப்பது வெட்டுப்புள்ளி அன்று. 10ஆம் சதமானம் என்று ஒரு கட்டம் இருக்கும். இடம் கிடைத்தவர்களை மதிப்பெண்படி வரிசைப்படுத்தினால் கீழிருந்து பத்தில் ஒரு பங்குக்காரர் எங்கே நிற்கிறார் என்பதே அது. அதே மதிப்பெண்ணோடு விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பது அந்தக் கட்டத்தில் தெரியாது.

படிக்கும் முறை இதுதான். உங்கள் பிள்ளையின் கிரேடு 90ஆம் சதமானத்துக்கு அருகில் இருந்தால் ‘கிட்டத்தட்டக் கிடைத்துவிடும்’. 10ஐ ஒட்டியிருந்தால் ‘கிடைக்கலாம்’. அதற்குக் கீழே என்றால், அந்தப் பாடத்தில் ஈடுபாட்டுக்கு வலுவான சான்று கையில் இருந்தால் மட்டும் தகுதி அடிப்படையிலான சேர்க்கை வழி முயலலாம். இரண்டு கட்டத்திலும் ஒரே கிரேடு இருக்கும் பாடங்களில் பட்டியல் எதையும் சொல்வதில்லை. மருத்துவமும் சட்டமும் அப்படிப்பட்டவை.

எல்லாமே ஏ. அப்புறமும் மெடிசின் கிடைக்கலையே, ஏன்?

வந்து நிற்கும் அத்தனை பேரும் அப்படித்தான் வருகிறார்கள். மருத்துவத்தின் 10ஆம் சதமானமே கடந்த ஆண்டுகளில் எல்லாப் பாடங்களிலும் ஏ என்பதாக இருந்திருக்கிறது. அங்கே கிரேடு உங்களை வாசலுக்குள் மட்டும் கொண்டுவிடும்.

அதற்குப் பிறகு மருத்துவச் சேர்க்கைக்கான யுகேட் தேர்வு. பிமேட் என்ற இன்னொரு தேர்வு 2023உடன் நின்றுபோனதால் என்யுஎஸ், என்டியு இரண்டுமே இப்போது யுகேட்டைத்தான் பார்க்கின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் எழுதலாம், ஆண்டுக்கு ஒரே முறை. ஜேசி (தொடக்கக்கல்லூரி) இரண்டாம் ஆண்டில் அது பிரிலிமோடு மோதும். பலர் தவறவிடுவது இங்கேதான்: பிப்ரவரியில் முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவம் போடலாம் என்று நினைக்கும்போது யுகேட் எழுதும் காலம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். 2025இலிருந்து வடிவங்களின் ஒழுங்கை ஊகிக்கும் பகுதியை நீக்கிவிட்டார்கள். மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 2,700, சூழல் தீர்ப்புப் பகுதி தனியாக. பழைய பயிற்சிப் புத்தகங்களின் 3,600 கணக்கை வைத்து ஒப்பிடக்கூடாது.

அடுத்து நேர்காணல். என்யுஎஸ்ஸிலும் என்டியுவிலும் அது பல சிறு நிலையங்களாக நடக்கும், ஒவ்வொன்றிலும் வேறு மதிப்பீட்டாளர். மனப்பாடம் செய்த விடை இரண்டாவது துணைக்கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். இடம் கிடைத்தபின் வரும் கடப்பாட்டையும் முன்பே பேசிவிடுங்கள். மருத்துவத்துக்குக் குடிமக்கள் 5 ஆண்டு, பல் மருத்துவத்துக்கு 4 ஆண்டு பொதுத்துறையில் பணியாற்ற வேண்டும்.

பிரிலிம்ல பி, சி தான் வந்திருக்கு. வெளிநாட்டுக்குப் போட்டா பிரயோஜனம் உண்டா?

நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனுக்கு விண்ணப்பம் போகும்போது ‘ஏ’ நிலை முடிவு வந்திருக்காது. பள்ளி தரும் கணிப்பு கிரேடுதான் முக்கியம். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ், எல்லா இடத்து மருத்துவம் ஆகியவற்றுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. பள்ளிகள் தங்கள் சொந்தக் கெடுவை அதற்கும் முன்பே வைத்திருக்கும். ஆகவே பிரிலிமையும் அதற்கு முந்தைய தேர்வுகளையும் வைத்துத்தான் ஆசிரியர் கணிப்பார். கேட்டு வாங்கிய கணிப்பு ஆபத்தானது. அதை வைத்து நிபந்தனையோடு இடம் கொடுத்துவிட்டு, பிப்ரவரியில் நிபந்தனை நிறைவேறாவிட்டால் இடம் போய்விடும்.

அமெரிக்காவுக்கு ஜேசி முதலாண்டு, இரண்டாமாண்டு மதிப்பெண் எல்லாம் போகும். நம் பள்ளிகளின் உள்தேர்வு கடுமையானது என்பதைப் பள்ளி அனுப்பும் அறிமுகக் குறிப்பு விளக்கும். வழக்கச் சுற்றில் முடிவு மார்ச் இறுதியில்தான் வரும், நமக்கு ‘ஏ’ நிலை முடிவு பிப்ரவரி இறுதியிலேயே வந்துவிடும். பிரிலிமைவிட நன்றாக வந்திருந்தால் அன்றே விண்ணப்ப வாசல் வழியாகவோ பள்ளி ஆலோசகர் வழியாகவோ அனுப்புங்கள். இந்த ஒரு வாரத்தைக் கோட்டை விடாதீர்கள்.

எஸ்ஏடி 1500 போதுமா?

சி9ஐத் திறந்து பாருங்கள். 25ஆம் சதமானம், 75ஆம் சதமானம் என்று இரண்டு எண்கள் இருக்கும். எம்ஐடியில் கணிதத்துக்குக் கீழ் எண்ணே 780. அங்கே கணிதத்தில் 740 எடுத்தவர் சேர்ந்தவர்களின் கீழ்க் காற்பகுதிக்கும் கீழே நிற்கிறார், மொத்தம் 1500ஐத் தாண்டியிருந்தாலும்கூட. மொத்தத்தை மட்டும் பார்க்காமல் பகுதி வாரியாகப் பாருங்கள்.

நடு எண்ணுக்கு மேல் வந்துவிட்டால் 20, 30 புள்ளிக்காகத் திரும்ப எழுதுவது நேர விரயம். சிங்கப்பூர் மாணவர்களுக்கு ஏற்ற காலம் ஜேசி முதலாண்டு முடிந்த டிசம்பர், வேண்டுமானால் அடுத்த மார்ச். அதற்குமேல் இழுத்தால் பிரிலிமைத் தின்றுவிடும். ‘தேர்வு கட்டாயமில்லை’ என்ற காலமும் மாறிவருகிறது. எம்ஐடி, ஹார்வர்டு, பிரவுன், டார்ட்மத், கால்டெக் எல்லாம் மீண்டும் கேட்கத் தொடங்கிவிட்டன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் அனுப்பினாலும் பார்ப்பதில்லை.

ராஃபிள்ஸ், ஹுவா சோங் பிள்ளைகளுக்குத்தானே கிடைக்குது? எங்க பிள்ளை சாதாரண ஜேசி.

அந்தப் பள்ளிகளிலிருந்து அதிகம் பேர் போகிறார்கள் என்பது உண்மை. அதிகம் பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்பதும், அங்கே வழிகாட்ட அனுபவமுள்ள ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்பதும் அதற்குப் பெரும் காரணம். அமெரிக்காவில் விண்ணப்பத்தைப் பள்ளியின் சூழலில் வைத்துத்தான் படிப்பார்கள்: அங்கே கிடைத்த வாய்ப்பை இவர் எவ்வளவு பயன்படுத்தினார்? எச்2க்கும் மேல்நிலையான எச்3 பாடமே நடத்தாத பள்ளியில் எச்3 எடுக்காதது குறையாகாது.

அக்கம்பக்கத்து ஜேசியில் உண்மையான இடர் வேறு இடத்தில் இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் எழுதிப் பழகாத ஆசிரியர் ‘கடின உழைப்பாளி, பணிவானவர்’ என்று நான்கு வரியில் முடித்துவிடுவார். ஜூன் விடுமுறைக்கு முன்பே ஆசிரியரைப் பார்த்து, வகுப்பில் நடந்த மூன்று நான்கு குறிப்பான விஷயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பாடத்தில் என்ன கேள்வி கேட்டார், எந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்தார் என்பது போல. நல்ல கடிதம் அதிலிருந்துதான் பிறக்கும்.

சிசிஏ எத்தனை இருக்கணும்? நாலு போதுமா?

சிசிஏ எனப்படும் இணைப்பாட நடவடிக்கைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. அமெரிக்காவின் ‘காமன் ஆப்’ பொது விண்ணப்பப் படிவத்தில் பத்துச் செயல்பாடுகளுக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். பத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. ‘தமிழ் மன்றத் தலைவர், பல நிகழ்ச்சிகளை வழிநடத்தினேன்’ என்பது வீணான வரி. ‘வாரம் ஒருமுறை மூத்தோருக்கு மருந்துச் சீட்டைத் தமிழில் படித்து விளக்குகிறேன்; பெரிய எழுத்தில் அட்டவணை வரைந்தேன், அதையே நிலையமும் இப்போது பயன்படுத்துகிறது’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு ஆள் தெரிகிறார். என்ன செய்தார், யாருக்கு, அதனால் எது மாறியது, இந்த மூன்றும் உள்ளே வர வேண்டும்.

பள்ளிப் பட்டியலில் இல்லாதவற்றைப் பல தமிழ்ப் பிள்ளைகள் எழுதாமல் விடுகிறார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, குடும்பக் கடையில் கணக்கு எழுதுவது, பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பது எல்லாம் சேரும். படிவமே குடும்பப் பொறுப்புகளை ஒரு வகையாக ஏற்கிறது.

அதே ஃபைலை ஆக்ஸ்ஃபர்டுக்கும் அனுப்பலாமா?

அனுப்பினால் வாய்ப்பு கெடும். பிரிட்டனில் உங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் பேராசிரியர்கள். நடனத்தில் பரிசு வாங்கியது வேதியியல் ஆசிரியருக்குத் தேவையில்லை. பாடத்துக்கு அப்பால் அதே துறையில் என்ன படித்தார், எதை யோசித்தார் என்பதுதான் வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து, பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யுகேஸின் தன்விவரக் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டது, மொத்தம் 4,000 எழுத்துகள். பழைய மாதிரிக் கட்டுரைகளை வைத்து எழுதக்கூடாது.

யுகேஸில் ஐந்து தெரிவுகள். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுதான். மருத்துவம் என்றால் அதிகபட்சம் நான்கு.

சரி, ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் வாய்ப்பை எப்படி எடை போடுறது?

பாடத்தை வைத்து. ஆக்ஸ்ஃபர்டுக்கு மொத்தம் ஏறத்தாழ 3,300 இடங்களுக்கு 23,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்ற சராசரி உதவாது. கணினியியல், பொருளியல் போன்றவற்றில் போட்டி பலமடங்கு கடுமை, செவ்வியல் மொழிகளில் அவ்வளவு இல்லை. இரண்டு பல்கலைக்கழகங்களும் பாடவாரியாகப் புள்ளிவிவரம் வெளியிடுகின்றன. ஆனால் எளிதான பாடமாகப் பார்த்துப் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நேர்காணலில் பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

நுழைவுத் தேர்வுதான் பெரிய சல்லடை. சட்டத்துக்கு எல்நேட், கேம்பிரிட்ஜில் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் இசேட், பொருளியலுக்கு டிஎம்யுஏ. இவற்றுக்குத் தனியே பதிவு செய்ய வேண்டும், பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும். யுகேஸ் படிவம் போட்டால் தேர்வுப் பதிவும் ஆகிவிட்டது என்று நினைத்து ஒரு ஆண்டையே இழந்தவர்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் கணிதம் என்றால் இடம் கிடைத்தபிறகும் ஜூனில் ஸ்டெப் தேர்வு இருக்கிறது. ‘ஏ’ நிலை முடிந்து ஏழு மாதம் கழித்து வருவதால் பயிற்சியை விட்டுவிடக்கூடாது. நம் ‘ஏ’ நிலையில் ஏ ஸ்டார் இல்லை என்ற கவலை வேண்டாம், சிங்கப்பூர் எச்2 கிரேடுகளுக்கான தகுதியைத் தனியே குறித்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் மருத்துவம் மட்டும் வேறு கதை. வெளிநாட்டு மாணவருக்கான இடங்கள் 7.5 விழுக்காட்டோடு நிற்கும். அதை எப்போதும் ‘அரிது’ பக்கம் வையுங்கள்.

நிதியுதவி கேட்டா வாய்ப்பு குறையுமா?

சில இடங்களில் குறையும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரவுன் ஆகியவை வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்று பார்க்காமலே முடிவு செய்பவை. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா, கார்னெல், டியூக் போன்றவை அதையும் கருத்தில் கொள்பவை. அங்கே உதவி கேட்பவர் நிற்கும் வரிசை நீளமானது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்குத் தேவை அடிப்படையிலான உதவி கிடையாது.

தனியார் பல்கலைக்கழகத்தில் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 அமெரிக்க டாலரைச் சுற்றி ஆகும். உபகாரச் சம்பளம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ‘உதவி வேண்டாம்’ என்று குறிப்பது பெரும் பிழை. விண்ணப்பிக்கும்போது கேட்காதவர் பிறகு கேட்க முடியாது என்று பல இடங்களில் விதி இருக்கிறது. கேட்க வேண்டியதை முதலிலேயே கேளுங்கள். கட்ட முடியாத இடத்தில் கிடைக்கும் அனுமதி, கிடைக்காத அனுமதிக்குச் சமம். பிள்ளை படிவத்தைத் தொடங்கும் முன்பே பெற்றோர் உண்மையான தொகையைச் சொல்லிவிட வேண்டும்.

எர்லி டிசிஷன் போட்டா வாய்ப்பு ரெண்டு மடங்காமே?

எர்லி டிசிஷன் எனும் முன்கூட்டிய சுற்றில் ஏற்பு விகிதம் அதிகம் என்பது உண்மை. அந்தச் சுற்றில்தான் விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர் பிள்ளைகளும் குவிகிறார்கள் என்பதால் அது பெரிதாகத் தெரிகிறது என்பதும் உண்மை. மற்றவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் அதைவிடச் சிறியது. கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திடும் ஏற்பாடு இது. பிற இடங்களின் நிதியுதவியோடு ஒப்பிடும் வாய்ப்பு போய்விடும். முதல் தெரிவில் ஐயமே இல்லை, செலவும் கட்டுபடியாகும் என்றால் மட்டும் போடலாம். பெரும்பாலும் கடைசி நாளாக வரும் நவம்பர் 1 நம்மவர்களுக்கு ‘ஏ’ நிலைத் தேர்வு நடந்துகொண்டிருக்கும் நேரம், ஆகவே கட்டுரைகள் ஆகஸ்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டின் முன்கூட்டிய சுற்று கட்டாயப்படுத்தாது. அமெரிக்காவின் பிற தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அப்போது போடக்கூடாது, யுகேஸுக்குப் போடலாம்.

ஒவ்வொண்ணும் 5 விழுக்காடுன்னா, பத்து இடத்துக்குப் போட்டா 50 ஆயிடுமே?

கூட்டக்கூடாது. பத்து முடிவுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று வைத்துக்கொண்டாலே, பத்திலும் கிடைக்காமல் போக 60 விழுக்காடு வாய்ப்பு. குறைந்தது ஒன்று கிடைக்க 40. உண்மையில் அதுவும் கிடையாது. பத்து இடத்துக்கும் போவது அதே மதிப்பெண், அதே கடிதம், அதே கட்டுரை. ஒரு இடத்தில் பலவீனமாகத் தெரிவது மற்ற ஒன்பதிலும் அப்படியே தெரியும். மேலும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனிக் கட்டுரை கேட்கும். பதினைந்தாவது கட்டுரை பெயரை மட்டும் மாற்றியதாக இருக்கும், படிப்பவருக்கு அது தெரியும்.

பையன் என்எஸ் போகணும். இப்பவே போடட்டுமா, உள்ளே இருக்கும்போது போடட்டுமா?

உள்ளூருக்கு இப்போதே. முடிவு வந்ததும் விண்ணப்பித்தால் தேசிய சேவை முடியும்வரை இடத்தை வைத்திருப்பார்கள். வெளிநாட்டுக்கு, கையில் உண்மையான ‘ஏ’ நிலை முடிவோடு சேவையின் கடைசி ஆண்டில் போடுவது பெரும்பாலும் நல்லது. கணிப்பு கிரேடு பற்றி முன்பு சொன்ன இடர் முழுதும் நீங்கிவிடும். இப்போதே போட விரும்பினால் இரண்டு ஆண்டு தள்ளிவைக்க அனுமதி உண்டா என்று முதலில் எழுத்தில் கேட்டுவிடுங்கள், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும், சில நேரம் அதன் ஒவ்வொரு கல்லூரிக்கும் விதி வேறு.

உள்ளே போகும் முன் செய்ய வேண்டியவை: இரண்டு ஆசிரியரிடம் கடிதம் எழுதி வைக்கச் சொல்வது, மதிப்பெண் பட்டியலின் சான்றளித்த நகல்கள் வாங்குவது, பள்ளி மின்னஞ்சலில் இருப்பதைச் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றுவது. இரண்டு ஆண்டில் ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போயிருப்பார்.

நாங்க பிஆர், பாஸ்போர்ட் இந்தியா. எந்தக் கணக்குல வருவோம்?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிங்கப்பூர்க் குடிமக்களைப் போலவே நீங்களும் வெளிநாட்டு மாணவர்தான். விண்ணப்பத்தைப் படிக்கும்போது பிள்ளை படித்த சிங்கப்பூர்ப் பள்ளியின் சூழலில் வைத்துத்தான் பார்ப்பார்கள். உள்ளூரில் கல்வி அமைச்சின் கட்டண மானியத்தை ஏற்றால், படிப்பு முடிந்து சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்தில் 3 ஆண்டு வேலை செய்யும் கடப்பாடு உண்டு. மருத்துவத்துக்கு இன்னும் நீண்டது.

ஆலோசகர் ஒருத்தர் ‘உறுதியா வாங்கித் தர்றேன்’னு சொல்றார். நம்பலாமா?

உறுதி சொன்ன இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். முடிவெடுப்பது பல்கலைக்கழகம். வெளியாள் எவருக்கும் அதில் கை கிடையாது. நல்ல ஆலோசகரும் உண்டு. அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கடந்த ஆண்டு எத்தனை பேருக்கு எங்கும் கிடைக்கவில்லை? கட்டுரையை யார் எழுதுவார்கள்? எந்தப் பல்கலைக்கழகமாவது உங்களுக்குத் தரகுப்பணம் கொடுக்கிறதா? முதல் கேள்விக்கு ‘ஒருவரும் இல்லை’ என்றால், இரண்டாவதற்கு ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் விலகுங்கள். பிறர் எழுதியது தெரியவந்தால் கிடைத்த இடத்தையும் திரும்பப் பெற முடியும்.

கடைசியா பட்டியல் எப்படிப் போடணும்?

கீழிருந்து மேலே. முதலில், கிரேடு 90ஆம் சதமானத்தை ஒட்டும், செலவு கட்டும், பிள்ளை மனமாரப் போகும் இரண்டு உள்ளூர்த் தெரிவுகள். மனமார என்பதை அழுத்திச் சொல்கிறோம். பிடிக்காத பாடத்தைப் பாதுகாப்புக்கு என்று போட்டால் அது பாதுகாப்பு ஆகாது. அடுத்து ‘கிடைக்கலாம்’ வகையில் நான்கைந்து. கடைசியாக ‘அரிது’ வகையில், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரையை முழு மனத்தோடு எழுத நேரம் இருக்கும் அளவுக்கு மட்டும். பலருக்கு அது நான்கு, ஐந்தைத் தாண்டாது.

பாலி மாணவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். ஐஜிபியில் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, 4க்கு எத்தனை ஜிபிஏ என்று பாருங்கள். அமெரிக்காவுக்கு எல்லாப் பருவ மதிப்பெண்களும் போகும். பிரிட்டனில் ஒவ்வொரு பாடப் பக்கத்திலும் சிங்கப்பூர் டிப்ளோமாவை ஏற்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

அமெரிக்காக்காரன் மே 1க்குள்ள பதில் கேட்கிறான், என்யுஎஸ் இன்னும் சொல்லலையே?

இது ஆண்டுதோறும் வரும் சிக்கல். அமெரிக்க இடத்தை முன்பணம் கட்டிப் பிடித்துக்கொண்டு, உள்ளூர் முடிவு வந்தபின் விலகலாம். முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. உள்ளூரில் எத்தனை பல்கலைக்கழகம் இடம் கொடுத்தாலும் ஒன்றைத்தான் ஏற்க முடியும், அதற்கான கடைசி நாள் பெரும்பாலும் மே இறுதியில் வரும். எர்லி டிசிஷனில் கையெழுத்திட்டவருக்கு இந்த வழி இல்லை. டிசம்பரில் இடம் கிடைத்ததுமே மற்ற விண்ணப்பங்களை விலக்கிக்கொள்ள வேண்டும்.

வெயிட்லிஸ்ட்ல வச்சிருக்காங்க. நம்பிக்கை வைக்கலாமா?

காமன் டேட்டா செட்டின் சி2 பகுதியில் கடந்த ஆண்டு எத்தனை பேர் காத்திருந்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று இருக்கும். ஓராண்டு ஒருவரையும் எடுக்காமல், அடுத்த ஆண்டு பலரை எடுத்த பல்கலைக்கழகங்கள் உண்டு, ஆகவே மூன்று நான்கு ஆண்டுகளின் எண்ணைப் பாருங்கள். காத்திருக்கச் சம்மதம் என்று பதில் கொடுத்துவிட்டு, ‘ஏ’ நிலை முடிவும் ஜனவரிக்குப் பிறகு செய்தவையும் சேர்த்து ஒரு பக்கத்துக்குள் ஒரே ஒரு கடிதம் அனுப்புங்கள். வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். மே 1க்குள் வேறொரு இடத்தை ஏற்று முன்பணம் கட்டிவிட்டே காத்திருங்கள்.